இரண்டாவது வெட்டு



இன்று பேயைப் பற்றிப் பேசப் போகிறேன். வானொலிச் சத்தத்தைக் குறைக்க வேண்டாம், இது மேசையில் விளையாடும் பேய்.

கல்முனைப் பக்கத்தில் கரம் போட் இல்லாத வீடு குறைவு. லூடோ தெரியாத பிள்ளையும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று சொன்னால்தான் முகத்தைப் பார்ப்பார்கள். கட்டாரில் வேலை பார்க்கும் என் மருமகன் லீவில் வரும்போது ஒரு தடித்த புத்தகமும் இருபது முகப் பகடை ஒன்றும் கொண்டுவந்தான். பாடசாலை விடுமுறை இரவுகளில் எங்கள் விறாந்தையில் ஐந்தாறு பொடியன்கள் கூடி விளையாடத் தொடங்கினார்கள். ஒரு மூலையில் தேத்தண்ணீரோடு இருந்து நானும் பார்த்து வருகிறேன்.

இந்த ஆட்டத்தை 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ கதைக்குள் இறங்குவார்கள். “இருட்டில் ஒரு கதவு தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். யார் வென்றார், யார் தோற்றார் என்ற கணக்குக் கிடையாது. கேட்டுக்கொண்டிருப்பவனே கதைக்குள் எழுந்து நடக்கிற கதை சொல்லல் இது. அதனால்தான் இதை ஒரு கலையாக வைத்து மதிப்பிட வந்தேன்.

இந்த ஆட்டத்தில் செத்தும் சாகாத பிராணிகள் ஒரு தனி இனம். எலும்புக்கூடு, சொம்பி, கூல், மம்மி, வெம்பையர் எல்லாம் 1974இன் முதல் புத்தகங்களிலேயே வந்துவிட்டன. அதற்கு முன்பு ஆர்னசன் தன் கூட்டாளிகளோடு நடத்திய பிளாக்மூர் என்ற ஆட்டத்தில் ஒருவர் வெம்பையராகவே விளையாடினாராம். அவரை அடக்க யாராலும் முடியவில்லை. அவரை எதிர்க்கவென்றே ஒரு பாத்திரத்தை உண்டாக்கினார்கள். செத்ததைத் துரத்தும் வல்லமை கொண்ட ‘கிளெரிக்’ என்ற அந்தப் பாத்திரம் இன்றுவரை ஆட்டத்தில் நிற்கிறது.

புதிதாகக் கதை நடத்துகிறவர்கள் இந்தப் பிராணிகளைப் பெரும்பாலும் வீணடிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கதவைத் திறந்தால் பன்னிரண்டு எலும்புக்கூடு. வெட்டு, விழுந்தது, வெட்டு, விழுந்தது. ஏற்கெனவே செத்ததை வெட்டுவதில் பாவம் இல்லை, பரிதாபமும் இல்லை, அதனால் நடத்துபவருக்கு இது வசதி. அந்த வசதியேதான் ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கிவிடுகிறது. அழுகிய சதை, புழு, நாற்றம் என்று எவ்வளவு வர்ணித்தாலும் மூன்றாவது தரம் யாருக்கும் மயிர்க்கூச்செறியாது. செத்தும் சாகாத ஒன்றைப் பயங்கரமாக்குவது அதன் சட்டம். எதற்காக அது திரும்பி வந்தது, எதைச் செய்ய அதற்கு முடியாது, எப்படி அது ஒழியும். இவற்றைத் தீர்மானிக்காமல் அதை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது.

புத்தகத்தில் சொம்பிக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு வந்ததும் அதற்கு ஒரு பகடை உண்டு. விழுந்த அடியோடு ஐந்தைக் கூட்டிய எண்ணை எட்டிவிட்டால் ஒரு புள்ளியோடு மறுபடி எழும்பும். விழுந்துவிட்டது என்று வாளைத் துடைக்கப் போகிற பொடியன் அப்படியே நின்றுவிடுவான். பக்கம் பக்கமான வர்ணனையை விட அந்த ஒரு வரி மேல்.

இனி கூலுக்கு வருவோம். புத்தகத்துக் கூல் பிணந்தின்னி. அதன் நகம் பட்டவன் கைகால் அசையாமல் நிற்பான். கூல் அறபு நாட்டுச் சரக்கு என்று நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் பழைய அறபிகள் சொன்ன கூல் மையவாடியில் இருக்கவில்லை, பாலைவனத்தில் இருந்தது. இரவில் நெருப்பு மூட்டி வழிப்போக்கர்களைத் திசை திருப்பும். நினைத்த உருவம் எடுக்கும், பெண்ணாகவும் வரும். எந்த உருவம் எடுத்தாலும் கழுதைக் குளம்பு மட்டும் மாறாது. அப்படியானால் பிணம் தின்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? ஆயிரத்தோர் இரவுகளை 1704 தொடக்கம் 1717 வரை பிரெஞ்சில் வெளியிட்ட அந்துவான் கலான் அதில் சீதி நுஃமான் என்பவனின் கதையைச் சேர்த்தார். அதில் வரும் ஆமினா என்ற மணப்பெண் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தின்பாள். கணவன் இரவில் பின்தொடர்ந்து போனால் மையவாடியில் ஒரு கூலோடு உட்கார்ந்து பிணம் தின்றுகொண்டிருப்பாள். அதற்கு முந்திய அறபுக் கதைகளில் கூலுக்கு இந்தத் தொழில் இல்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க ஆட்டம் எடுத்துக்கொண்டது கலானின் கூலைத்தான்.

எனக்கென்றால் பழைய கூல்தான் மேசைக்கு ஏற்றது. அதற்கு ஒரு சட்டம் சொல்வார்கள்: ஒரே வெட்டில் சாகும், இரண்டாவது வெட்டு விழுந்தால் உயிர் வந்துவிடும். இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் தஅப்பத்த ஷர்ரன் கூல் ஒன்றை வெட்டி வீழ்த்தியதாகப் பாடியிருக்கிறார். இன்னொன்று வெட்டு என்று அது கேட்க, அவர் மறுத்துவிடுகிறார். இதை நான் மருமகனிடம் சொல்ல, அவன் மேசைக்குக் கொண்டுவந்தான். கூல் விழுந்தது. “இன்னொண்டு போடு மச்சான், சும்மா உடாத!” என்று ஒருவன் கத்தினான். போட்டான். கூல் எழும்பிச் சிரித்தது. ஆட்டத்தில் விழுந்ததை மறுபடி வெட்டிப் பழகிய கை அது.

ஒரு நிபந்தனை உண்டு. இப்படியான சட்டத்தை ஒளித்து வைத்துவிட்டு மாட்டிக்கொடுப்பது கள்ளாட்டம். முந்திய இரவு ஓர் ஒட்டகக்காரக் கிழவன் வாயால் பாதியையாவது சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் காதில் வாங்காமல் விட்டால் அது அவர்கள் பாடு.

இந்த இடத்தில் சில நேயர்களுக்கு மனம் இடறும். மௌத்தானவர் பர்ஸகில் இருக்கிறார், கியாமத்துக்கு முன் கபுறிலிருந்து எழும்பி வருவதில்லை என்பது நம் ஈமான். ‘கூல் இல்லை’ என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸே இருக்கிறது. அது அப்படி ஒரு பிராணியே இல்லை என்பதைச் சொல்கிறதா, உருவம் மாற்றி வழிகெடுக்கும் வல்லமை அதற்கு இல்லை என்பதைச் சொல்கிறதா என்று உலமாக்கள் பேசியிருக்கிறார்கள். நான் ஆலிம் அல்ல, அந்தக் கதவைத் திறக்கவில்லை. பெற்றோருக்குச் சொல்லக் கூடியது இதுதான்: பிள்ளைகள் இதை நம்பி விளையாடுவதில்லை. பொய் என்று தெரிந்துதான் மூத்தம்மாவின் கதையை நாங்களும் வாயைத் திறந்துகொண்டு கேட்டோம். மனம் ஒப்பாதவர்கள் செத்தவனைத் திரும்பக் கொண்டுவராத கதையை எடுக்கலாம். அதற்குத்தான் வேதாளம் இருக்கிறது.

வேதாளம் செத்த மனிதன் அல்ல, பிணத்துக்குள் புகுந்துகொண்ட வேறொன்று. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் அதன் இருபத்தைந்து கதைகளும் உண்டு. நம்மில் பலருக்கு அது அம்புலிமாமா வழியாக வந்தது. துறவி ஒருவன் கேட்டதற்காக அரசன் அந்தப் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நடக்க வேண்டும். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த மேசைக்கென்றே யாரோ செய்துவைத்த மாதிரி இருக்கிறது. வாளுக்கு அங்கே வேலையில்லை. ஒருத்தியின் கணவனுடைய தலையும் இன்னொருவனுடைய தலையும் மாறி ஒட்டிவிட்டால் இருவரில் யார் அவள் புருஷன் என்று கேட்டால், பொடியன்கள் ஒரு மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். கேள்வி–பதிலில் கதை நடத்துவது நமக்கும் புதிதல்ல, ஆயிரம் மசலா, நூறு மசலா என்ற நூல்களும் அப்படித்தான் போகின்றன. வேதாளத்தின் முடிவும் ஆட்டத்துக்கு அழகு. கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். அதில் மகிழ்ந்த வேதாளம், உன்னை அனுப்பிய துறவி உன்னையே பலியிடப் போகிறான் என்று எச்சரிக்கிறது. பயந்து சுமந்த பிணம் அவனுக்குத் துணையாகிவிடுகிறது.

புத்தகத்தின் பெரிய பிராணி லிச். தன் உயிரை ஒரு பெட்டகத்தில் ஒளித்துவைத்த மந்திரவாதி அவன், பெட்டகம் இருக்கும் வரை அவனுக்குச் சாவில்லை. ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆயிரத்தோர் இரவுகளில் ஸைபுல் முலூக்கின் கதையிலும் ஒரு ஜின்னின் உயிர் சிட்டுக்குருவிக்குள், குருவி பெட்டிக்குள், பெட்டி இன்னும் பல பெட்டிகளுக்குள் கிடக்கிறது.

நம் மாவட்டத்திலேயே ஒருவன் கிடைப்பான். சிங்கள அயலவர்கள் சொல்லும் மகாசோனா. துட்டகைமுனு மன்னனின் பத்து வீரர்களில் ஒருவனான கோட்டைம்பரவோடு பொருதித் தலை போனவன், உடம்பில் கரடித் தலை பொருத்தப்பட்டு எழும்பியவன், சுடுகாடும் சந்தியும் காவல் காப்பவன். தன் தலை எங்கே என்று கேட்டுக்கொண்டு வருகிறவனிடம் பேசவும் இடமுண்டு, ஏமாற்றவும் இடமுண்டு. அவனுக்காக இன்றும் தொவில் சடங்கு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கேலி கலக்காமல் எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இந்தக் கரையில் எடுக்கவே கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஜனாஸா இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருந்தது. கடலிலிருந்து செத்தவர்கள் எழும்பி வருகிற காட்சி அந்தப் புத்தகக்காரர்களுக்கு வெறும் காட்சியாக இருக்கலாம். இங்கே மேசையைச் சுற்றி இருக்கிற பொடியன்களில் ஒருவனுடைய வாப்பா அன்று தன் உம்மாவைத் தேடி அலைந்தவராக இருப்பார். என் மருமகன் ஒருமுறை அலைச் சத்தத்தோடு அப்படி ஒன்றைத் தொடங்கினான். நான் நிறுத்தச் சொன்னேன். அவன் கேள்வி கேட்காமல் பாலைவனத்துக்கு மாற்றிக்கொண்டான்.

விளையாடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆட்டத்தின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பகடைக்கு போனே போதும். ஓர் இரவுக்கு ஒரு பேய், அதுவும் கடைசி அரை மணி நேரத்தில். பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள், பிள்ளைகள் சுபஹுக்கு எழும்ப வேண்டும்.