அணையாத மஞ்சள் விளக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கு நன்றாகத் தெரியும். மீட்டர் போர்டில் என்ஜின் படத்தோடு மஞ்சளாக எரியும். ஒர்க்‌ஷாப்பில் அணைத்துக் கொடுப்பார்கள். நாலைந்து நாளில் மறுபடியும் எரியும். “வண்டி நல்லாத்தானே சார் ஓடுது, கண்டுக்காதீங்க” என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் பதற்றம் வேண்டாம், ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். சிமிட்டிச் சிமிட்டி எரிந்து, வண்டியும் குலுங்கினால் ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. அங்கே எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அந்தச் சூட்டில் கன்வெர்ட்டர் உருகிவிடும். உள்ளே இருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம். விலையைச் சொல்லவே வேண்டாம்.

விளக்கு எரியும்போதே வண்டியின் கணினி ஒரு கோடு எண்ணைப் பதிந்து வைக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் இந்த ஏற்பாடு கட்டாயம். இந்தியாவில் 2013 வாக்கில் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும்.

நம் பணம் வீணாவது இதற்குப் பிறகுதான். கோடு, எந்தப் பார்ட் கெட்டது என்று சொல்வதில்லை. எங்கே கோளாறு தெரிகிறது என்று மட்டுமே சொல்லும். பி0171 என்று வந்தால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பாவம், அந்த சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் என்ஜின் சூட்டில் வெடித்து, அந்தக் கீறல் வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஹோஸை விரலால் வளைத்துப் பார்த்தாலே பல சமயம் கீறல் வாய் திறக்கும். பெட்ரோல் பம்ப் வலுவிழந்தாலும் இதே கோடு வரும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் இருக்கும் வண்டியில், நல்ல மெக்கானிக் புதுக் காயில் வாங்கி வரச் சொல்வதற்கு முன்னால், முதல் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். கோடு பி0303 என்று மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். செலவே இல்லாத சோதனை இது.

வெளியில் நிறுத்தும் வண்டிக்கு எலி பெரிய எதிரி. சென்சார் வயரைக் கடித்து வைத்திருக்கும். வயரைப் பார்க்காமல் சென்சாரை மாற்றினால் விளக்கு எப்படி அணையும்?

பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பதும் நல்லதல்ல. கோளாறு வந்தபோது என்ஜின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்ற விவரமும் சேர்ந்து அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்கும் நல்ல தடயம் அதுதான்.

ஆகவே அடுத்த முறை, “என்ன கோடு வந்திருக்கு? எந்தப் பார்ட்டை எப்படி செக் பண்ணீங்க?” என்று கேளுங்கள். அழிப்பதற்கு முன்னால் எண்ணை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.