பிரேக்ல காத்து ஏறிடுச்சா?

போன மாசம் ஒரு சிக்னல்ல முன் பிரேக்கைப் பிடிச்சேன். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி கைப்பிடியையே தொட்டுடுச்சு. முன்னாடி ஸ்கூட்டர்ல ஒரு குழந்தை. பின் பிரேக்தான் காப்பாத்துச்சு.

காரணம் சிம்பிள். பிரேக் ஆயில் அழுத்தினா சுருங்காது, காத்து சுருங்கும். லைன்ல காத்து இருந்தா நம்ம கை அழுத்தம் பேடு வரைக்கும் முழுசா போகாது.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க. நாலஞ்சு தடவை பம்ப் பண்ணா லீவர் இறுகுதா? பெரும்பாலும் காத்துதான். அழுத்திப் பிடிச்சிருக்கும்போதே மெதுவா உள்ள இறங்குதா? எங்கேயோ கசியுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கு. வீட்டுல நோண்டாம மெக்கானிக்கிட்ட போங்க.

காத்துதான்னா, ஏர் எடுக்கணும். டப்பா மூடியில என்ன எழுதியிருக்கோ அதே ஆயில், புதுசா சீல் பிரிச்சது. என் வண்டிக்கு டாட் 4. பெட்ரோல் டேங்க்கைத் துணியால மூடிடுங்க, ஆயில் பட்டா பெயிண்ட் போயிடும். காலிப்பர் நிப்பிள்ல ட்யூப் மாட்டி, மறுமுனையை ஆயில் ஊத்தின பாட்டில்ல முக்குங்க. லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம்தான் லீவரை விடு. இந்த ஆர்டர் மாறினா காத்து திரும்ப உள்ள வந்துடும். நான் சொதப்பினது இங்கதான். டப்பாவுல ஆயில் குறையவும் விடாதீங்க. காலியானா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஏபிஎஸ் வண்டின்னா மேனுவலைப் பார்த்துட்டு இறங்குங்க.

குமிழ் நின்னு லீவர் இறுகினாலும், முதல்ல தெருவுலயே மெதுவா ஓட்டி பிரேக் பிடிச்சுப் பாருங்க. கோட்ல பக் வந்தா ரோல்பேக் பண்ணலாம். ரோட்டுல அந்த ஆப்ஷன் கிடையாது.