மூக்குல ஒரு இடைவெளி

உத்திரமேரூர் பக்கத்து கிராமத்துல இருந்து பேசுறேன்.

போன வருஷம் ஒரு வீடியோ பார்த்து, பேப்பர்ல வசந்தகாலப் பறவை செஞ்சேன். செவப்பு நெஞ்சு, குட்டி வால். ஐரோப்பாவுல இருக்குற ராபின். ஆயா பார்த்துட்டு, "இது எந்த ஏரிக்குடி வருது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

இத்தனைக்கும் வேடந்தாங்கல் நமக்குப் பக்கம். 1798லயே அந்த ஊர்க்காரங்க பறவைகளைக் காப்பாத்த கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கினவங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும்.

அதனால அடுத்து நத்தைகுத்தி நாரை. கல்யாணப் பத்திரிகை அட்டையில உடம்பு, கிழிஞ்ச குடைத்துணியில கருப்பு இறக்கை, ஈர்க்குச்சியில கால். மூக்கு மட்டும் ரெண்டு துண்டு. நடுவுல இடைவெளி விடணும். நத்தையைப் பிடிக்க அதுதான் உதவுது.

குஞ்சுக்கும் அப்படியே வெட்டினேன். அப்புறம் ஏரிக்குப் போய்ப் பார்த்தா, குஞ்சுக்கு இடைவெளியே இல்ல! வளர வளரத்தான் வரும். திரும்ப வெட்டினேன்.

இப்போ தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளை நோட்டுல ஒட்டுறேன். அன்னிக்குப் பார்த்த பறவை அந்தத் தேதி மேல. பங்குனியில கூட்டம் கெளம்பிடும், பக்கங்கள் காலியாகும். அதை அப்படியே விட்டுடுவேன். அதுவும் கணக்குதானே?

உங்க ஏரிக்கு யார் வர்றாங்க? முதல்ல போய்ப் பாருங்க. கத்தரிக்கோல் அப்புறம்.