பதிவேட்டில் இல்லாத இணைப்பு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே 'பெரட்டு' என்பது யாவரும் அறிந்த சொல். காலையில் ஆட்கள் கூடுவர். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயர் பதிவார். வேறொரு கணக்கப்பிள்ளையின் ஏவலால் அடுத்த மலைக்குச் சென்று கொழுந்தெடுக்கும் பெண்ணை, அந்த ஏடு 'வரவில்லை' என்றே கூறும். அவள் கூடையோ நிறைந்திருக்கும்.

இம்முரண்பாடு கணினியிலும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் வலையிணைப்பைக் கவனிப்பதற்கு 'நெட்வேர்க் மனேஜர்' என்னும் மென்பொருள் இருக்கின்றது. ரெட் ஹட் நிறுவனம் 2004இல் இதனைத் தொடங்கியது. மடிக்கணினியோடு இடம்விட்டு இடம் செல்வோர்க்கு இணைப்பை எளிதாக்குவதே அதன் நோக்கம்.

அதற்கு முன்னமே வேறொரு வழி இருந்தது. டெபியன் லினக்ஸில் 'இன்டர்ஃபேசஸ்' என்ற கோப்பிலே இணைப்பின் விவரங்களை ஒருவர் தம் கையாலேயே எழுதி வைக்கலாம். அவ்வாறு எழுதப்பட்ட இணைப்பில் தலையிடாது விலகி நிற்பது அம்மேலாளரின் இயல்பான விதி. ஒரு வேலையை இருவர் கெடுத்துவிடாதிருக்க வகுத்த நல்ல விதியே அது. தீங்கு பிறந்தது அடுத்த படியில். தன் பொறுப்பில் இல்லாத இணைப்பை, இல்லவே இல்லாத இணைப்பென அது பிற மென்பொருள்களுக்கு அறிவித்தது. 2008இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மூன்றாம் பதிப்பு அச்சொல்லை நம்பி, இணைப்பு நன்றாயிருந்தபோதும், 'இணைப்பற்ற நிலை'க்குத் தானே சென்றது.

தோட்டப் பாடசாலை ஒன்றில் இது நிகழ்வதாக எண்ணிப் பாருங்கள். விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாள். திரையோ 'இணைப்பில்லை' என்கிறது. அதனை நம்பிக் கணினியை மூடிவிட்டால், இழப்பு மாணவருக்கு அன்றோ?

ஆகவே ஏட்டைக் கேட்குமுன் கூடையைப் பார்க்க வேண்டும். 'பிங்' என்னும் கட்டளையால் வழிச்செலுத்திக்கு ஒரு செய்தி அனுப்புக. மறுமொழி வந்தால் அதுவரை வழி திறந்தே இருக்கின்றது. பின்னர் வெளியுலக முகவரி ஒன்றையும் அவ்வாறே சோதிக்கலாம். அடுத்து, பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்தல் நலம். கையால் எழுதிய வரிகளை நீக்கி இணைப்பை மேலாளரிடம் விடலாம். அன்றி, கைவழியே போதுமாயின் மேலாளரை நிறுத்திவிடலாம்.

'என் ஏட்டில் இல்லை' என்பது ஒன்று. 'உலகில் இல்லை' என்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை அறிந்தவர், கருவி காட்டும் சொல்லுக்கு அஞ்சி நல்ல இணைப்பைக் கைவிடார்.