சந்தனத்தின் துணைவேர்



வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குத் திங்கட்கிழமைதோறும் மனுவோடு வருவோருள் சவ்வாது மலைமக்களும் உளர். போளூர் வழியாகப் பேருந்தில் இறங்கிவந்து வரிசையில் நிற்கும் இவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என எண்ணிவிடலாகாது, பேசுவது தமிழே. இவர்களுக்கும், கோவையிலும் பெங்களூரிலும் ஆய்வுக்கூடத்தில் மரத்தின் இயல்பை ஆராயும் அறிஞர்க்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அந்த உறவுக்குச் சந்தன மரம் ஒன்றே போதிய சான்று.

சந்தனம் தனித்து வாழும் மரமன்று. இலை பச்சையாக இருக்கும். மாவுப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயினும் நீரையும் உப்புச் சத்துகளையும் பெற அண்டைச் செடியின் வேரைப் பற்றி, அதனுள் தன் உறிஞ்சு வேரைச் செலுத்துகிறது. 1871-இல் ஜான் ஸ்காட் என்பார் இவ்வேர்த் தொடர்பைக் கண்டு எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுத் தாவரவியலாளரான சி. ஏ. பார்பர் அவ்வேர்களைத் தோண்டியெடுத்து விரிவாக ஆராய்ந்தார். பின்னாளில் கோவையில் கரும்பு ஆராய்ச்சியால் புகழ்பெற்றவரும் இவரே. இன்று நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு ஒரே பையில் துவரையை ஊன்றுவது இவ்வறிவின் பயன். கன்று வளர்ந்தபின் சவுக்கோ வேறு மரமோ துணைநிற்க வேண்டும். புதரை வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில் தன்னந்தனியே நட்ட சந்தனம் வாடிப்போவதன் காரணம் இதுவே.

வேருக்குத் துணை வேண்டும் என அறிவியல் கண்டது. மரத்திற்கு மனிதத் துணையும் வேண்டும் என்பதைச் சட்டம் காணவில்லை. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசின் உடைமையே என்னும் நிலை தமிழகத்தில் 2002 வரை நீடித்தது. வீட்டு வேலியில் முளைத்த கன்று வழக்கையும் விசாரணையையும் கொண்டுவரும் என்றால், அதைக் கிள்ளியெறிபவரைக் குறை கூறுவது எங்ஙனம்? வயிரம் ஏறுவதற்கே பத்தாண்டுக்கு மேலாகும்; நல்ல விளைவுக்கு முப்பதாண்டளவு காத்திருக்க வேண்டும். அத்தனை காலம் காக்க வேண்டியவர் மலையில் வாழ்பவர். விலை பெறுபவரோ வேறொருவர். கோடரி வென்றதில் வியப்பில்லை. சந்தனத்திற்குப் பெயர்பெற்ற சவ்வாது மலையில் முதிர்ந்த மரம் இன்று அரிதாயிற்று.

மரம் குறைந்தபின் மனிதர் என்னவாயினர் என்பது கசப்பான பகுதி. சாமை விளைவிக்கும் மேட்டுநிலம் ஆண்டு முழுவதற்கும் சோறிடாது. மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடி இடைத்தரகர் வந்தனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். அவருள் சவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். அங்கே மரம் சந்தனமன்று, செம்மரம். அதன் இலாபத்தைப் பெற்றவர் எவரும் அன்று அக்காட்டில் இல்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நெல்லி, கடுக்காய், தேன் முதலிய சிறுவன மகசூலைத் திரட்டவும் விற்கவும் காட்டில் வாழ்வோர்க்கு உரிமை தந்தது. பயிரிட்டுவந்த நிலத்திற்கும் காட்டைப் பேணுவதற்கும் வழிசெய்தது. தமிழகத்தில் நீதிமன்ற ஆணையால் பட்டா வழங்கல் நெடுநாள் நின்று, 2016-க்குப் பின்னரே நகரத் தொடங்கியது. மனுக்களோடு வரிசையில் நிற்போர்க்கு இந்தக் கால இடைவெளி சிறிதன்று.

காட்டறிவியல் இனிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில ஆய்வுக்கூடத்தில் விடை காணத்தக்கன அல்ல. பறவை விதைத்த சந்தனம் எந்த முட்புதரின் நிழலில் தப்பிப் பிழைக்கிறது, எந்தச் சரிவில் தீ ஆண்டுதோறும் வருகிறது, எந்த ஓடை எம்மாதம் வற்றுகிறது என்பவற்றை ஆடு மேய்ப்பவரும் தேன் எடுப்பவரும் அறிவர். வனத்துறையினர் பத்தாண்டுக்கொருமுறை எழுதும் பணித்திட்டத்தில் மரங்களின் சுற்றளவுக்குப் பல பக்கங்கள் உண்டு. இவ்வறிவுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கி, சொன்னவர் பெயரையும் அவர்க்குரிய பங்கையும் அதே பக்கத்தில் எழுதினால், அடுத்த முப்பதாண்டு ஒரு சந்தனக் கன்றின் அருகே யார் நிற்பர் என்பதற்கு விடை அங்கேயே இருக்கும்.