ஆமை எடுத்த வகுப்பு



பிள்ளைகளுக்கு வாழக் கற்றுக்கொடுப்பது தெருவிளையாட்டா, ரோபோ வகுப்பா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பல்லாங்குழி, பாண்டி, கிட்டிப்புள்ளுன்னு அடுக்கி, உங்க கைதட்டலையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் புழுதியில புரண்டு வளர்ந்தவன்தான், மறுக்கலை. ஆனா கடைசியா ஒண்ணு கேட்டாங்க பாருங்க: "தமிழ் வாத்தியாருக்கும் ரோபோவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கு தாயே! ரோபோங்கிற சொல்லே இலக்கியம் பெற்ற பிள்ளை. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதின ஒரு நாடகத்துலதான் அது பிறந்தது. அவர் மொழியில 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம்ம சோழர் கல்வெட்டுகள்ல 'வெட்டி'ன்னு வருமே, கூலியில்லா வேலை, கிட்டத்தட்ட அதே பொருள். தமிழில் எந்திரன் என்று சொல்லலாம். சொன்னா 2010-இல் வந்த ரஜினி படம் ஞாபகம் வந்து விசில் அடிப்பீங்க. அதனால ரோபோன்னே வச்சுக்கிறேன். (சிரிப்பு)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சேமூர் பேப்பர்ட் என்று ஒரு கணித அறிஞர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். குழந்தை எப்படிச் சிந்திக்கிறதுன்னு ஜெனீவாவில் பியாஜேயோடு இருந்து ஆராய்ந்தவர். பிறகு அமெரிக்காவுல எம்.ஐ.டி.க்குப் போனார். 1967-இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்று ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். அந்த மொழிக்குக் கட்டுப்பட்ட ஒரு சின்ன ரோபோவும் பின்னாலேயே வந்தது. தரையில ஊரும், ஊர்ந்துகிட்டே பேனாவால கோடு போடும். அதுக்குப் பேரு ஆமை.

பிள்ளை ஆமைக்குக் கட்டளை போடும்: நூறு அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு. இதையே நாலு தடவை சொன்னா சதுரம். சரி, முக்கோணம் போடச் சொல்லுங்க. சமபக்க முக்கோணத்துல ஒவ்வொரு கோணமும் 60 பாகைன்னு மனப்பாடம் பண்ணின பிள்ளை என்ன செய்யும்? 60-ன்னு போடும். ஆமை மூணு கோடு இழுத்துட்டு நிக்கும். முக்கோணம் மூடாது! அறுகோணத்துல பாதி மாதிரி வாயைப் பிளந்துகிட்டுக் கிடக்கும்.

என்னடா இது, புத்தகம் பொய்யா? புத்தகம் பொய்யில்லை. எழுந்து நீயே நடந்து பாருங்கிறார் பேப்பர்ட். பிள்ளை நடக்குது. முக்கோணத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, பழைய திசையையே பார்த்து நின்னா, உடம்பு ஒரு முழுச் சுற்று, 360 பாகை திரும்பியிருக்கு. மூணு முனையில திரும்பினதால ஒவ்வொரு முனைக்கும் 120! படிச்சது உள்கோணம், திரும்ப வேண்டியது வெளிக்கோணம். இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையோட முகத்தை நீங்க பார்க்கணும்.

நான் கவனிக்கச் சொல்றது கணக்கை இல்லை நடுவர் அவர்களே! அங்கே சிவப்பு மை இல்லை. குட்டு இல்லை. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்"ங்கிற பாட்டு இல்லை. ஆமை திட்டலை, கொஞ்சவும் இல்லை. சொன்னதைச் செஞ்சது, அவ்வளவுதான். தப்பு பிள்ளை மேல ஒட்டலை, கட்டளையில ஒட்டியிருந்தது. எடுத்துத் திருத்த முடிஞ்சது. செய்தது சரியா தப்பான்னு கேட்காதே, திருத்த முடியுமான்னு கேள் என்பதுதான் பேப்பர்ட் 1980-இல் எழுதின 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் அடிநாதம். லெகோ நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த ரோபோப் பெட்டிக்கு அந்த நூலின் பெயரைத்தான் வைத்தது.

வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை'ன்னு ஒரு அதிகாரமே வைத்தார். நாம அதை ரெண்டு மார்க் கேள்வியா ஆக்கி, ஒரு சீர் மாறினா ஒரு மார்க்கைக் குறைச்சு, பிள்ளையை அழ வச்சு அனுப்புறோம்! (கைதட்டல்)

"இதுவும் செல்போன் மாதிரி ஒரு திரைதானே"ன்னாங்க அம்மையார். இல்லீங்க. திரைக்குள்ள இருக்கிற கார் சொன்னபடி ஓடும். தரையில இருக்கிற ரோபோ ஓடாது. "ரெண்டு நொடி ஓடு"ன்னு எழுதினா, புது பேட்டரியில ஒரு தூரம், தேய்ஞ்ச பேட்டரியில வேற தூரம். காலையில கறுப்புக் கோட்டைச் சரியாப் பார்த்த சென்சார், சாயங்கால வெளிச்சத்துல தடுமாறும். நேத்து சரியாத்தானே போச்சுன்னு தரையில உட்கார்ந்து அழுதா எதுவும் நடக்காது. காரணத்தைத் தேடணும், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கணும். இந்தப் பொறுமை எனக்கு என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்தது! (சிரிப்பு)

கூடி வாழத் தெரு வேணும் என்றார்கள். டீன் கேமன் 1989-இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி. இப்போது அங்கே மூணு அணி ஒரு பக்கம், மூணு அணி எதிர்ப்பக்கம். அடுத்த ஆட்டத்துல சேர்க்கை மாறும். இப்ப எதிரி, அடுத்த ஆட்டத்துல கூட்டாளி. நம்ம ஊர்த் தேர்தல் கூட்டணி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை! (பலத்த சிரிப்பு) ஒரு வித்தியாசம். எதிர் அணி வண்டியில பாகம் உடைஞ்சா, தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது அங்கே வழக்கம். எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் போன்றவர்கள் ஊன்றிய பண்பு அது.

நம்ம நாட்டுல மட்டும் என்ன குறை? 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்துல, ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை கொடுக்கிறாங்க. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பிள்ளைகள் கை வைக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுவிழாவுக்குப் பேசப் போனேன். பேர் வேண்டாம். "ரோபோவெல்லாம் எங்கே?"ன்னேன். பீரோவைத் திறந்து காட்டினாங்க. அப்படியே பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாம இருக்கு! "பிள்ளைங்க உடைச்சுட்டா தணிக்கைக்கு யார் பதில் சொல்றது சார்?"ங்கிறார் ஆசிரியர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? உடைஞ்ச மோட்டாருக்குக் கணக்கு கேட்கிறோம். உறை பிரியாத மோட்டாருக்கு யாராவது கணக்கு கேட்டோமா?

வீட்டுல இன்னொரு கூத்து. பிள்ளை திருகாணி முடுக்கத் தடுமாறுறதைப் பார்க்கச் சகிக்காம, அப்பாவே ராத்திரி பூரா உட்கார்ந்து செஞ்சு, காலையில பிள்ளை கையில கொடுத்து அனுப்புறார். பரிசும் வாங்குது. நியாயமாப் பார்த்தா அப்பாவைத்தான் ஏழாம் வகுப்புல சேர்க்கணும்! (சிரிப்பு)

ஆகவே எதிரணி அம்மையாரே, கிட்டிப்புள்ளை நான் பறிக்கலை. அதுல விழுந்து எழுந்த பிள்ளைக்கு வகுப்பறைக்குள்ளேயும் விழுந்து எழ ஒரு இடம் கேட்கிறேன். நடுவர் மணியில கை வச்சுட்டார். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால அந்த பீரோ சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா.