நாடகம் வழி ஆங்கிலம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஆங்கிலச் சொற்களையும் மரபுத் தொடர்களையும் பழம்பெரும் நாடகங்களின் வாயிலாகக் கற்பது குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். இது பொழுதுபோக்குப் பொருளன்று. நம் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு முறிந்த இடம் ஆங்கிலத் தாளே என்பதை இங்குள்ள பெற்றோர் நன்கு அறிவர்.

அப்பிள்ளைகள் அறிவிற் குறைந்தவர் அல்லர். மொழி என்பது காதின் வழியாக வந்து நாவில் தங்குவது. நம் வீடுகளில் ஆங்கிலம் ஒலிப்பதில்லை. அக்குறையை ஈடுசெய்ய நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னோம். தேர்வு முடிந்ததும் அச்சொற்கள் நினைவினின்று அகன்றன. இப்பிழையை நாமும் பல்லாண்டு செய்தோம் என ஒப்புக்கொள்கிறோம்.

நாடகத்தில் சொல் தனித்து நிற்பதில்லை. யார், யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னார் என்பதோடு சேர்ந்தே வருகிறது. வீட்டில் கேளாத மொழியை வகுப்பறையில் கேட்கச் செய்யும் கருவி அதுவே.

சான்றாக, ஷேக்ஸ்பியர் 1596, 1597 ஆம் ஆண்டுகளையொட்டி எழுதி, 1600 இல் அச்சேறிய 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைக் கொள்வோம். வணிகன் அந்தோனியோ தன் நண்பனுக்காக ஷைலாக் என்னும் யூதனிடம் மூவாயிரம் டக்கட் பொன் கடன் பெறுகிறான். மூன்று மாதத்தில் திருப்பித் தராவிடில் அவன் உடலிலிருந்து ஒரு பவுண்டு தசையை அறுத்துக்கொள்ளலாம் என்பது பத்திரம். 'பவுண்ட் ஆஃப் ஃபிளெஷ்' என்னும் மரபுத் தொடர் இதனின்று பிறந்தது. சட்டப்படி உரியதாயினும் இரக்கமின்றி வற்புறுத்திக் கேட்கப்படுவது என்பது அதன் பொருள். கதையை அறிந்த மாணவனுக்கு அகராதி வேண்டுவதில்லை.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் இந்நாடகத்தின் எளிமையாக்கிய பதிப்பை நடிக்கச் செய்தோம். 'பாண்ட்' என்ற சொல்லை விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்கள் தந்தை கைநாட்டு வைத்துக் கொடுத்த தாளும் பாண்டுதானா?" என்றான். ஆம் என்றோம். 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'பாண்டட்' என்பதும் இச்சொல்லின் வழி வந்ததே எனக் கரும்பலகையில் எழுதினோம். அன்று அச்சொல்லை எவரும் மனப்பாடம் செய்யவில்லை, எவரும் மறக்கவுமில்லை.

கடன் கேட்டு வந்த அந்தோனியோவே முன்னர்த் தன்னை நாயென இகழ்ந்து, தன் தாடியில் உமிழ்ந்தவன் என்று ஷைலாக் நினைவூட்டும் இடமும் உண்டு. அதைப் படித்த மாணவி ஒருத்தி, "உமிழ்ந்தவனை எந்த மன்றம் விசாரித்தது?" எனக் கேட்டாள். எந்த உரைநூலிலும் அதற்கு விடை இல்லை. 'இன்சல்ட்', 'ரிவெஞ்ச்', 'மெர்சி', 'ஜஸ்டிஸ்' ஆகிய நான்கு சொற்களும் அக்கேள்வியைத் தொடர்ந்து எழுந்த உரையாடலிலேயே பதிந்துவிட்டன. இழிவு செய்தது தவறு, கத்தியைத் தீட்டியதும் தவறு என்று பிள்ளைகளே தீர்ப்புரைத்தனர்.

ஆசிரியர் ஒன்றை மறைத்தல் ஆகாது. 1290 இல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றிய இங்கிலாந்து, 1656 இல்தான் அவர்கள் மீண்டும் வெளிப்படையாகக் குடியேற இடந்தந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுந்த இந்நாடகத்தில் அக்கால வெறுப்பின் கறை உண்டு. இறுதியில் ஷைலாக் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்படுகிறான். பிறர் இழிவைக் கண்டு நகைக்க நம் பிள்ளைகள் பழகலாகாது.

இனிக் கற்பிக்கும் முறை. முதலில் கதையைத் தமிழில் கூறுக. பின்னர் எளிய ஆங்கில உரைநடையில் படிப்பிக்க. சார்லஸ் லாம், மேரி லாம் இருவரும் 1807 இல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் சுருக்கங்கள் இதற்கு உதவும். அதன்பின் பாத்திரங்களைப் பகிர்ந்து உரக்கப் படிக்கச் செய்க. சொல், சொன்னவர், சூழல், தன் ஊரைப் பற்றிய சொந்த வாக்கியம் என நான்கு பத்திகளில் ஏட்டில் எழுதச் செய்க. 'தௌ', 'ஹாத்' போன்று வழக்கொழிந்தவை படிக்க மட்டுமே, பேச அன்று எனவும் அறிவுறுத்துக.

நிறைவாக ஒன்று. வழக்கு மன்றத்தில் அந்தோனியோவைக் காத்தது எது? வழக்கறிஞர் வேடம் பூண்டு வந்த போர்ஷியா பத்திரத்தை எழுத்தெண்ணிப் படித்தாள். தசை என்று உளது, குருதி என்று இல்லை எனக் கண்டாள். சொல்லை நுணுகிப் படித்தவளே வென்றாள். 1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் உரிமையை ஆங்கிலத்திலேயே எடுத்துரைத்தனர். கைநாட்டு வைத்த தந்தையின் மகன் அப்பத்திரத்தைத் தானே படித்து, அதில் இல்லாததைச் சுட்டிக்காட்டும் நாள் வரவேண்டும். அதற்கே இக்கல்வி.